குழந்தை பேசத் தாமதமா? முதலில் காதைச் சோதியுங்கள்

புதுதில்லி: இரண்டு வயதாகியும் குழந்தை பேசவில்லையே எனத் தாய் கவலைப்பட்டால், "இவன் அப்பாவும் மூன்று வயதில்தான் வாய் திறந்தான்" என்பதே பெரும்பாலான வீடுகளில் கிடைக்கும் பதில். சில குழந்தைகள் விஷயத்தில் அது பலித்தும் விடுகிறது. எந்தக் குழந்தைக்குப் பலிக்கும் என்பதைப் பாட்டியால் சொல்ல முடியாது என்பதுதான் சிக்கல்.

தலைநகரை அடுத்த ஹரியாணாவின் பல்வல் உள்பட நாட்டின் ஐந்து பகுதிகளில் நடத்தப்பட்ட ஆய்வு, 2018-இல் "பிளாஸ் மெடிசின்" மருத்துவ இதழில் வெளியானது. 2 முதல் 9 வயது வரையிலான குழந்தைகளில் ஏறத்தாழ எட்டில் ஒருவருக்கு, காது கேளாமை, வலிப்பு, ஆட்டிசம், பேச்சுக் குறைபாடு உள்ளிட்ட ஒன்பது குறைபாடுகளில் ஏதேனும் ஒன்றாவது இருப்பதாக அதில் கண்டறியப்பட்டது.

இதைத் தொடக்கத்திலேயே கவனிக்கப் பெரிய கருவிகள் தேவையில்லை. திருவனந்தபுரம் மருத்துவர்கள் உருவாக்கி 1991-இல் வெளியிட்ட அட்டவணைக்கு ஒரு பென்சில் போதும். இரண்டு வயதுக்குள் குழந்தை செய்ய வேண்டிய 17 செயல்கள் அதில் பட்டைகளாக வரையப்பட்டிருக்கும். குழந்தையின் வயதுக்கு நேராகப் பென்சிலை நிமிர்த்தி வைத்தால், அதற்கு இடப்புறம் முழுவதுமாக முடிந்துவிட்ட பட்டைகளுக்குரிய செயல்களைக் குழந்தை செய்ய வேண்டும். ஒன்றைச் செய்யாவிட்டாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அங்கன்வாடி ஊழியரே சில நிமிடங்களில் இதைச் செய்து விடலாம்.

இரண்டு மாதத்தில் முகம் பார்த்துச் சிரிப்பது, நான்கு மாதத்தில் தலை நிற்பது, ஒன்பது மாதத்தில் தானாக உட்காருவது, ஒன்றரை வயதில் நடப்பது, இரண்டு வயதில் "பால் வேணும்" என இரு சொற்களைச் சேர்ப்பது ஆகியவை பெற்றோர் நினைவில் வைக்க வேண்டியவை. குறைமாதக் குழந்தைக்கு, பிறந்த நாளிலிருந்து அல்லாமல், பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து வயதைக் கணக்கிட வேண்டும்.

மத்திய அரசு 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்படி, நடமாடும் மருத்துவக் குழுவினர் ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிகளில் பரிசோதிக்க வேண்டும். குறை தென்படும் குழந்தைகள் மாவட்ட அளவிலான ஆரம்பகால இடையீட்டு மையங்களுக்கு அனுப்பப்படுகின்றனர். சிகிச்சை இலவசம். ஆனால் எல்லா மையங்களிலும் பேச்சுப் பயிற்சியாளர், இயன்முறை மருத்துவர் பணியிடங்கள் நிரம்பியிருப்பதில்லை. அங்கன்வாடிக்கே செல்லாத நகர்ப்புறக் குழந்தைகள் இந்த வலையில் சிக்குவதும் அரிது. அவர்களைப் பொறுத்தவரை பெற்றோர்தான் முதல் பரிசோதகர். அவர்கள் கையில் இருக்கும் தாய்-சேய் பாதுகாப்பு அட்டையிலோ தடுப்பூசிப் பக்கத்தைத் தவிர மற்றவற்றை யாரும் புரட்டுவதாகத் தெரியவில்லை; வளர்ச்சிப் படிநிலைகளும் அதே அட்டையில்தான் படங்களுடன் அச்சிடப்பட்டுள்ளன.

பேச்சு தாமதமாகும் குழந்தைக்கு முதலில் செய்ய வேண்டியது செவித்திறன் சோதனை. கதவு சாத்தும் ஓசைக்குத் திரும்புகிறதே என்று அதைத் தவிர்ப்பது தவறு. உரத்த ஓசை கேட்டும், பேச்சொலி தெளிவாகக் கேட்காத குழந்தைகள் உண்டு. பேசிக்கொண்டிருந்த சொற்களைக் குழந்தை இழந்தால், எந்த வயதாயினும் உடனே மருத்துவரை அணுக வேண்டும்.

செல்லும்போது பிறப்பு, சிகிச்சை ஆவணங்களுடன், குழந்தை வீட்டில் விளையாடும் காட்சியைச் செல்பேசியில் பதிவு செய்து கொண்டு போவது உதவும். புதிய இடத்தில் பல குழந்தைகள் வாய் திறப்பதில்லை. குறைபாட்டின் பெயர் உறுதியாக மாதக்கணக்கில் ஆகலாம். பயிற்சியைத் தொடங்க அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.