மரக்கலம் ஈன்ற காப்பியம்

சீறாப்புராணம் அரசவையில் பிறந்ததன்று. துறைமுகச் செல்வத்தில் பிறந்தது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், கீழக்கரையின் கடல் வணிகரான வள்ளல் சீதக்காதியின் ஆதரவில் உமறுப்புலவர் அதைப் பாடத் தொடங்கினார் என்பது வழிவழிச் செய்தி. வள்ளல் மறைந்தார், காப்பியம் நடுக்கடலில் நின்றது. கைகொடுத்தவரும் ஒரு துறைமுகத்தவரே: பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர். நன்றி மறவாத புலவர் அவரைப் பல இடங்களில் போற்றுகிறார். 5027 பாடல்கள் கரையேறின.

பாலை நிலமாம் அரபு நாட்டைப் பாட வந்த உமறு, நாட்டுப் படலத்தில் மழையைப் பொழிவித்து, ஆற்றைப் பெருக்கி, வயலையும் விளைவித்துவிடுகிறார்! காப்பிய மரபுதான் அது. ஆயினும், கடல் கடந்து வந்ததைத் தம் மண்ணின் உருவில் ஏற்றுக்கொள்ளும் கரையோர மனமும் அதில் தெரிகிறதல்லவா?

கீழக்கரைப் பழைய ஜும்ஆப் பள்ளியிலும் இதே மனத்தைக் காணலாம். தூண்களும் போதிகைகளும் தமிழகக் கல்தச்சர் மரபு; உருவச் சிற்பம் மட்டும் இல்லை.