தலைவலிக்கு மூக்கு வளைவுதான் காரணமா?

ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியே நுழையும் மேல்காற்று, பனவடலிசத்திரம் சுற்றுவட்டாரக் கரிசல் தூசியை வாரி இறைக்கும். மூக்கடைப்பும் தலைபாரமுமாக வருகிறவர்கள், ‘சைனஸ் தலைவலிக்கு ஒரு மாத்திரை’ என்று மருந்துக் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். வலி விடாவிட்டால் சங்கரன்கோவிலிலோ திருநெல்வேலியிலோ ஸ்கேன். ‘மூக்கு எலும்பு வளைஞ்சிருக்கு’ என்றதும், காரணம் கிடைத்துவிட்டதாக நிம்மதி பிறக்கிறது. அங்கேதான் அவசரப்படக் கூடாது.

இரு நாசிகளுக்கும் நடுவே உள்ள சுவர், முன்பக்கம் குருத்தெலும்பாலும் பின்பக்கம் எலும்பாலும் ஆனது. அது நூல் பிடித்ததுபோல நேராக இருப்பவர்கள் குறைவு. பெரும்பாலோருக்குச் சற்றே கோணியிருக்கும். ஒரு தொந்தரவும் தராது.

சிலருக்கு மட்டும், வளைந்த சுவரிலிருந்து கூரான எலும்பு முனை நீண்டு, பக்கவாட்டில் உள்ள டர்பினேட் என்னும் சதை மடிப்பில் குத்தி நிற்கும். மூக்கின் உட்புறம், நெற்றி, கண், கன்னம் ஆகியவற்றின் உணர்வுகளை மூளைக்குக் கொண்டுசெல்வது முக்கிளை நரம்பு. அதனால் மூக்குக்குள் ஏற்படும் அழுத்தம் கண்ணோரத்து வலியாகத் தெரியலாம். மரத்துப்போகும் மருந்தில் நனைத்த பஞ்சை அந்த முனையில் வைத்து, வலி வடிகிறதா என்று மருத்துவர்கள் பார்ப்பதுண்டு. வடிந்தாலும் அதை முடிவான சான்றாகக் கொள்வதில்லை. இதேபோல முனை குத்தியும் தலைவலியே இல்லாதவர்கள் இருக்கிறார்கள்.

அப்படியானால் ‘சைனஸ் தலைவலி’ என்பது பெரும்பாலும் என்ன? அமெரிக்காவில் அந்தப் பெயரில் தலைவலி இருந்த 2,991 பேரைப் பரிசோதித்து 2004-இல் வெளியான ஆய்வில், 88 சதவீதம் பேருக்கு இருந்தது மைக்ரேன் வகை ஒற்றைத் தலைவலி. மைக்ரேன் தூண்டுவதும் அதே முக்கிளை நரம்பைத்தான். அதன் எதிர்வினையாக மூக்கின் ரத்தக் குழாய்கள் வீங்கி மூக்கு அடைக்கும். கண்ணிலும் மூக்கிலும் நீர் வடியும். நோயாளி மட்டுமல்ல, மருத்துவரும் சைனஸ் என்று நினைப்பது இதனால்தான்.

விண்விண் என்று தெறிக்கும் வலி, குமட்டல், வெளிச்சமும் சத்தமும் பிடிக்காமை, நடமாடினால் வலி கூடுவது ஆகியவை மைக்ரேனின் அடையாளங்கள். மஞ்சள் அல்லது பச்சை நிறக் கெட்டிச் சளி, காய்ச்சல், வாசனை தெரியாமை ஆகியவை இருந்தால் சைனஸ் தொற்றாக இருக்கலாம்.

தலைவலி வரும் நாள், நேரம், போட்ட மாத்திரை எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்து மருத்துவரிடம் காட்டுங்கள். மாதத்தில் 15 நாள், அதற்கு மேல் என்று மாதக்கணக்கில் வலி மாத்திரை போட்டால், அந்த மாத்திரையே தலைவலியை வளர்க்கும். திடீரென்று தாங்க முடியாத தலைவலி, கை கால் தளர்ச்சி, பார்வைக் குறைவு, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே பெரிய மருத்துவமனைக்குப் போங்கள்.

மூச்சு விடவே சிரமம் என்றால் மூக்கு அறுவை சிகிச்சை நல்ல பலன் தரும். தலைவலிக்காக மட்டும் செய்துகொள்வதென்றால், மைக்ரேன் இல்லை என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.