ஆற அமர ஒரு சிற்பம்

கொழும்புத் தேசிய நூதனசாலையில் பொலன்னறுவை வெண்கலங்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் முதற் பிறப்பு மெழுகில். மெழுகுருவைக் களிமண்ணால் மூடிச் சூடாக்கினால் மெழுகு உருகி வெளியேறும். அது விட்டுச்சென்ற வெற்றிடத்தில் உலோகக் குழம்பை வார்ப்பர். பெரிய கண்ணாடிச் சிற்பங்கள் பலவும் ஏறக்குறைய இவ்வழியிலேயே பிறக்கின்றன. பரிஸ் சாந்தும் சிலிக்காத் தூளும் கலந்த அச்சிலே கண்ணாடிக் கட்டிகளை அடுக்கி, உலையில் 850 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றினால், அவை தேனாக இளகி மூலைமுடுக்கெல்லாம் நிறையும்.

இக்கலையை வளர்த்தவர்களில் முதன்மையானோர் செக் நாட்டுத் தம்பதியரான லிபென்ஸ்கியும் பிரிக்தோவாவும். 1954 முதல் இணைந்து உழைத்தவர்கள். ஒரே நிறக் கண்ணாடி கனத்த இடத்தில் இருண்டும் மெலிந்த இடத்தில் வெளிறியும் தோன்றும் அல்லவா? அந்த வேறுபாட்டையே அவர்கள் தூரிகையாக்கினார்கள்.

ஆனால் கனம்தான் ஆபத்தும். குளிர்ந்த கிளாசில் கொதிக்கும் பிளேன்ரீயை ஊற்ற, அது ‘டிக்’கென்று வெடிப்பதைக் கொட்டாஞ்சேனைத் தேநீர்க்கடைகளில் காணாதவர் யார்? கண்ணாடி வெப்பத்தைக் கடத்துவதில் மகா மந்தம். வார்த்த கட்டியின் மேற்புறம் ஆறிச் சுருங்கும்போது உட்புறம் இன்னும் சூட்டில் விரிந்திருக்கும். இந்த இழுபறி உள்ளேயே உறைந்துவிட்டால், மாதங்கள் கழித்தும் சிற்பம் பிளக்கலாம்.

ஆகவே 500 பாகையளவில், கட்டி முழுவதும் ஒரே சூட்டுக்கு வரும்வரை நிறுத்திவைக்கிறார்கள். பின்னர் மெல்ல மெல்ல இறக்கம். பெரிய வார்ப்பென்றால் மணிக்கு ஒரு பாகைதான், சிலவேளை அதுவுமில்லை. கனம் இரு மடங்கானால் ஆறும் நேரம் நான்கு மடங்கு என்பது கணக்கு. சாண் கனத்துக்கு வாரக்கணக்காகும்.

சிற்பமல்லாத ஓர் உதாரணமும் உண்டு. அமெரிக்காவின் பலோமர் தொலைநோக்கிக்காக 1934 டிசம்பரில் கோர்னிங் நிறுவனம் வார்த்த 200 அங்குல வட்டக் கண்ணாடியை ஆற்றப் பத்து மாதங்கள் பிடித்தன. இடையே 1935இல் ஆற்று வெள்ளம் வந்து மின்சாரமும் தடைப்பட்டது. கண்ணாடி தப்பியது அவர்களது நல்லகாலம். 2022இல் நாளுக்கு 13 மணிநேர மின்வெட்டைக் கண்ட நமக்கு அந்தத் தவிப்பு நன்றாகவே விளங்கும்.

அச்சை உடைத்தெடுத்த பின்னரும் ஒரு சோதனை. ஒளியை முனைவாக்கும் இரு தகடுகளுக்கிடையே கட்டியை வைத்துப் பார்ப்பார்கள். உள்ளே இழுபறி மிச்சமிருந்தால் வானவில்லின் நிறங்கள் தோன்றும். பார்க்கப் பேரழகு, சிற்பியோ தலையில் கைவைத்துக்கொள்வார். கட்டி மீண்டும் உலைக்குப் போகவேண்டும், முதலிலிருந்து ஆறவேண்டும்.