கட்டுமான மேலாண்மை மென்பொருள் தன்னியக்கமாக்கல்

கட்டுமான மேலாண்மை மென்பொருள் தன்னியக்கமாக்கல் என்பது, ஒரு கட்டுமானத் திட்டத்தின் ஒப்பந்தங்கள், மாற்று ஆணைகள், கால அட்டவணை, தள நாட்குறிப்பு, கட்டண விண்ணப்பங்கள் முதலியவற்றைச் சேமித்து வைத்திருக்கும் மென்பொருளிடம், ஒருவர் திரையின் முன் அமர்ந்து தேடுவதற்குப் பதிலாக, வேறொரு நிரல் நேரடியாக வினவல் அனுப்பித் தரவுகளைப் பெறுவதும் பதிவதும் ஆகும். இதற்காக அம்மென்பொருள் திறந்து வைக்கும் வாயில் ஏ.பி.ஐ. எனப்படும் செயலி நிரலாக்க இடைமுகம் ஆகும்.

இவ்வாறு பெறப்படும் விடை பணம் கொடுக்கல் வாங்கலுக்கும் ஒப்பந்தப் பொறுப்புக்கும் அடிப்படையாக அமைகிறது. எனவே வினவல் பிழையின்றி முடிந்ததா என்பதோடு, விடை முழுமையானதா, அதில் உள்ள ஒவ்வொரு பதிவும் கட்டுமான ஒப்பந்தத்தில் என்ன பொருள் தருகிறது என்பதையும் சரிபார்ப்பது இன்றியமையாதது.

பின்னணி

ஒரு கட்டிடம் எழும்பும்பொழுது உரிமையாளர், கட்டிடக் கலைஞர், முதன்மை ஒப்பந்தகாரர், துணை ஒப்பந்தகாரர்கள், பொருள் வழங்குவோர் எனப் பல தரப்பினர் ஒரே நேரத்தில் செயல்படுகின்றனர். இவர்களிடையே நடக்கும் எழுத்துப் பரிமாற்றமே இம்மென்பொருட்களின் உள்ளடக்கம். முதன்மையான பதிவு வகைகள் பின்வருமாறு:

- தகவல் கோரிக்கை: வரைபடத்திலோ விவரக்குறிப்பிலோ தெளிவில்லாத இடம் பற்றி ஒப்பந்தகாரர் எழுத்து வடிவில் எழுப்பும் கேள்வி. ஆர்.எஃப்.ஐ. என்று சுருக்கமாக அழைக்கப்படுகிறது.
- சமர்ப்பிப்பு: பொருட்களை வாங்கும் முன் அவற்றின் விவரங்களையும் மாதிரிகளையும் ஒப்புதலுக்கு அனுப்புதல்.
- மாற்று ஆணை: வேலையின் அளவு, தொகை, காலம் ஆகியவற்றில் ஏற்படும் மாற்றத்தைப் பதியும் ஆவணம்.
- கட்டண விண்ணப்பம்: முடிந்த வேலைக்கான தொகையைக் கேட்டு ஒப்பந்தகாரர் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை அனுப்புவது.
- தள நாட்குறிப்பு: ஆட்களின் எண்ணிக்கை, வானிலை, வந்திறங்கிய பொருட்கள், நடந்த வேலை ஆகியவற்றின் அன்றாடப் பதிவு.
- குறைப்பட்டியல்: வேலை முடியும் தறுவாயில் சரிசெய்யப்பட வேண்டியவற்றின் பட்டியல்.

இவற்றுள் பெரும்பாலானவை மென்பொருளுக்கு முன்பே தாள் வடிவில் இருந்தவை. ஐக்கிய அமெரிக்காவில் அமெரிக்கக் கட்டிடக் கலைஞர் கழகம் வெளியிடும் படிவங்கள் பரவலாகப் பயன்படுகின்றன. அக்கழகத்தின் ஏ201 பொது நிபந்தனைகளின்படி, மாற்று ஆணை என்பது உரிமையாளர், ஒப்பந்தகாரர், கட்டிடக் கலைஞர் ஆகிய மூவரும் கையொப்பமிடும் ஆவணமாகும். ஜி702 என்னும் கட்டண விண்ணப்பப் படிவத்தில், தொடக்க ஒப்பந்தத் தொகையுடன் மாற்று ஆணைகளின் நிகரத் தொகையைக் கூட்டி, அன்றுவரையான ஒப்பந்தத் தொகை காட்டப்படுகிறது. தன்னியக்க நிரல் பெரும்பாலும் இத்தகைய கணக்கையே செய்கிறது.

வரலாறு

கட்டுமானத் திட்டமிடலில் கணினியின் பயன்பாடு 1950களிலேயே தொடங்கியது. 1957 இல் டூபாண்ட் நிறுவனத்தின் மோர்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்ட் நிறுவனத்தின் ஜேம்ஸ் கெல்லியும் யூனிவாக் கணினியைக் கொண்டு முக்கியப் பாதை முறையை உருவாக்கினர். தனியாள் கணினிகள் பரவியபின், 1983 இல் தொடங்கப்பட்ட பிரைமவெரா நிறுவனம் கால அட்டவணை மென்பொருளில் முன்னணி பெற்றது. அந்நிறுவனத்தை 2008 இல் ஆரக்கிள் வாங்கியது. இணையவழிக் கட்டுமான மேலாண்மை மென்பொருளான புரோகோர் 2002 இல் கலிபோர்னியாவில் தொடங்கப்பட்டது.

வினவல் இடைமுகங்களின் வளர்ச்சி வேறொரு திசையிலிருந்து வந்தது. 1970 இல் எட்கர் காட் முன்வைத்த உறவுநிலைத் தரவு மாதிரியிலிருந்து, எசு.கியூ.எல். என்னும் வினவல் மொழி பிறந்தது. 2000 இல் ராய் ஃபீல்டிங் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில் ரெஸ்ட் என்னும் இணையக் கட்டமைப்பு முறையை விளக்கினார். பேஸ்புக் நிறுவனம் 2012 இல் தன் உள் பயன்பாட்டுக்காக உருவாக்கிய கிராஃப்கியூஎல் வினவல் மொழி 2015 இல் பொதுவில் வெளியிடப்பட்டது.

வகைகள்

கட்டுமான மென்பொருட்களின் இடைமுகங்களை இரண்டு பெரும் வகைகளாகப் பிரிக்கலாம்.

முதலாவது வகை வளம் சார்ந்தது. ஒவ்வொரு பதிவு வகைக்கும் தனித்தனி இணைய முகவரி உண்டு. மாற்று ஆணைகளுக்கு ஒன்று, நாட்குறிப்புக்கு வேறொன்று. அம்முகவரி எதைத் தருகிறதோ அதை முழுதாகப் பெற்று, வேண்டியதை நிரலே பொறுக்கிக்கொள்ள வேண்டும். புரோகோரின் ரெஸ்ட் இடைமுகம் இவ்வகையைச் சேர்ந்தது.

இரண்டாவது வகை வினவல் சார்ந்தது. முகவரி ஒன்றே, எந்தப் பதிவின் எந்தப் புலங்கள் வேண்டும் என்பதை வினவலிலேயே எழுத வேண்டும். கிராஃப்கியூஎல் முறையைப் பின்பற்றும் இடைமுகங்களும், ஜாப்டிரெட் மென்பொருளின் பேவ் வினவல் முறையும் இவ்வகையின. இத்தகைய வினவல் ஒன்றின் அமைப்பைத் தமிழ்ச் சொற்களால் பின்வருமாறு காட்டலாம்:

திட்டம் (எண்: 17)
— பெயர்
— முதன்மை ஒப்பந்தம்
—— தொடக்கத் தொகை
—— மாற்று ஆணைகள் (பக்க அளவு: 50)
——— எண், தொகை, நிலை, ஒப்புதல் நாள்
——— அடுத்த பக்கக் குறி

விடையும் இதே அடுக்கமைப்பில் வரும். முதல் வகையில் பல கோரிக்கைகளால் பெற வேண்டியதை இதில் ஒரே கோரிக்கையில் பெறலாம் என்பது இதன் நன்மை.

செயல்படும் முறை

அடையாளம் காட்டல்: நிரல் தன்னை அடையாளம் காட்ட, பயனரின் கடவுச்சொல்லுக்குப் பதிலாக அணுகல் டோக்கன் ஒன்றைப் பயன்படுத்துகிறது. இதற்குப் பரவலான முறை 2012 இல் ஆர்.எஃப்.சி. 6749 என வெளியான ஓஆத் 2.0 ஆகும். டோக்கன் யாரிடம் இருக்கிறதோ அவரை மென்பொருள் நம்பிவிடும் என்பதால், அதனை நிரலின் உள்ளேயே எழுதி வைப்பது தவறு. அறிக்கை மட்டும் தயாரிக்கும் நிரலுக்கு வாசிக்கும் உரிமை மட்டுமே உள்ள தனிக் கணக்கு போதுமானது.

பக்கப்பிரிப்பு: ஆயிரக்கணக்கான பதிவுகளை ஒரே விடையில் அனுப்புவது வழங்கிக்குச் சுமையாகும். ஆகையால் விடை பக்கங்களாகப் பிரித்துத் தரப்படுகிறது. நிரல் ஒவ்வொரு பக்கமாக, இனிப் பக்கம் இல்லை என்னும் வரை கேட்க வேண்டும்.

கோரிக்கை வரம்பு: குறிப்பிட்ட காலத்துக்குள் இத்தனை கோரிக்கைகள் என வழங்கி வரையறுக்கும். வரம்பை மீறினால் 429 என்னும் நிலை எண் திரும்பும். நிரல் உடனே மீண்டும் கேட்காமல், காத்திருக்கும் நேரத்தைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டு முயல வேண்டும்.

நிகழ்வு அறிவிப்பு: மாற்றம் நிகழ்ந்ததா என்று அடிக்கடி கேட்பதற்குப் பதிலாக, மாற்றம் நிகழும்போது வழங்கியே நிரலுக்குச் செய்தி அனுப்பும் முறை வெப்ஹூக் எனப்படுகிறது. இச்செய்தி இருமுறை வரலாம், வரிசை மாறி வரலாம், வராமலும் போகலாம். ஆகையால் நாளுக்கு ஒருமுறையேனும் முழு வினவலால் ஒப்புநோக்குவது வழக்கம்.

எடுத்துக்காட்டு: ஒப்பந்தத் தொகையைக் கணக்கிடல்

கற்பனையான ஒரு திட்டத்தின் தொடக்க ஒப்பந்தத் தொகை 40,00,000 டாலர் எனக் கொள்வோம். அதன் கீழ் 130 மாற்று ஆணைப் பதிவுகள் உள்ளன:

- ஒப்புதல் பெற்றவை: 88, மொத்தம் 3,10,000 டாலர்
- ஒப்புதலுக்குக் காத்திருப்பவை: 30, மொத்தம் 1,45,000 டாலர்
- மறுக்கப்பட்டவை: 12, மொத்தம் 60,000 டாலர்

அன்றுவரையான ஒப்பந்தத் தொகை 43,10,000 டாலர். ஒப்புதல் பெற்ற ஆணைகள் மட்டுமே ஒப்பந்தத்தை மாற்றும் என்பதே இதற்குக் காரணம்.

இனி, நிரலில் நிகழக்கூடிய இரண்டு பிழைகளைப் பார்க்கலாம். முதலாவதாக, நிலையைக் கருதாமல் 130 பதிவுகளையும் கூட்டினால் 45,15,000 டாலர் வரும். இது 2,05,000 டாலர் மிகை. இரண்டாவதாக, நிலையைச் சரியாக வடிகட்டிவிட்டு, முதல் பக்கத்தின் 50 பதிவுகளோடு நிறுத்திவிட்டதாகக் கொள்வோம். அந்த 50 பதிவுகளில் 41 ஒப்புதல் பெற்றவை, அவற்றின் மொத்தம் 1,32,000 டாலர் எனில், விடை 41,32,000 டாலர். இது 1,78,000 டாலர் குறைவு.

இவ்விரண்டு நேர்வுகளிலும் வழங்கி எந்தப் பிழைச் செய்தியையும் தராது. நிலை எண் 200, அதாவது வெற்றி என்றே வரும். மேலும், திட்டம் சிறிதாக இருந்த தொடக்க மாதங்களில் இரண்டாவது பிழை கொண்ட நிரல் சரியான விடையையே தந்திருக்கும். ஐம்பத்தொன்றாவது ஆணை பதியப்பட்ட பின்னரே தொகை தவறத் தொடங்கும். அதற்குள் அந்த அறிக்கையின் மீது அனைவருக்கும் நம்பிக்கை ஏற்பட்டிருக்கும்.

இதைத் தவிர்க்க, பெற்ற பதிவுகளின் எண்ணிக்கையை வழங்கி அறிவிக்கும் மொத்த எண்ணிக்கையுடன் ஒப்பிட வேண்டும். அவை பொருந்தாவிடில் அறிக்கையை வெளியிடாமல் நிறுத்த வேண்டும். கையெழுத்தான கடைசிக் கட்டண விண்ணப்பத்தின் தொகையை நிரல் மீண்டும் கணக்கிட்டுக் காட்டுகிறதா என்பது மற்றொரு நல்ல சோதனை. வேலை குறைக்கப்படும்போது மாற்று ஆணையின் தொகை எதிர்க்குறி பெறும் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

பிற பிழைகள்

- பகுதி விடை: கிராஃப்கியூஎல் முறையில் ஒரே விடையில் தரவும் பிழைப் பட்டியலும் சேர்ந்து வரக்கூடும். தரவு வந்துவிட்டது என்பதற்காகப் பிழைப் பட்டியலைப் பார்க்காமல் விடலாகாது.
- உரிமைக் குறைவு: சில மென்பொருட்களில், கணக்குக்கு உரிமை இல்லாத பதிவுகள் பிழைச் செய்தியின்றி விடையிலிருந்து விடுபட்டிருக்கும். பதிவு இல்லை என்பதும், பார்க்க உரிமை இல்லை என்பதும் நிரலுக்கு ஒன்றாகவே தோன்றும்.
- நேர வலயம்: லாஸ் ஏஞ்சலஸ் நகரில் சூலை 10 இரவு 8 மணிக்கு எழுதப்பட்ட நாட்குறிப்பு, ஒருங்கிணைந்த அனைத்துலக நேரப்படி சூலை 11 அதிகாலை 3 மணிக்கு உரியது. நிரல் இதை மாற்றிக் கணக்கிடாவிடில் வேலை மறுநாள் நடந்ததாகப் பதிவாகும். காலத்தாழ்வு பற்றிய வழக்குகளில் நாட்குறிப்பு சான்றாகக் காட்டப்படுவதால் இது சிறு பிழை அன்று.
- பின்ன எண்கள்: பல நிரல் மொழிகளில் 0.1 உடன் 0.2 ஐக் கூட்டினால் 0.30000000000000004 வரும். பணத்தைச் சென்ட் கணக்கில் முழு எண்களாகவோ, பதின்ம எண் வகையிலோ கையாள வேண்டும்.
- பெயரால் பொருத்துதல்: ஒரே துணை ஒப்பந்தகாரரின் பெயர் இரண்டு விதமாக எழுதப்பட்டிருக்கலாம். பெயருக்குப் பதிலாக மென்பொருள் வழங்கிய அடையாள எண்ணைக் கொண்டே பதிவுகளை இணைக்க வேண்டும்.

வாசித்தலும் எழுதுதலும்

தவறாக வாசித்த நிரலைத் திருத்தி மீண்டும் ஓட்டலாம். தவறாக எழுதிய நிரலின் விளைவோ வேறொருவரின் கைக்குச் சென்றுவிடும். ஒரு கொள்முதல் ஆணை பதியப்பட்ட உடனே பொருள் வழங்குபவருக்கு மின்னஞ்சல் போய்விடக்கூடும். அதை நீக்கினாலும் அவர் கம்பியை வெட்டத் தொடங்கியிருக்கலாம்.

எழுதும் நிரல்களில் அடிக்கடி நிகழ்வது இரட்டைப் பதிவு. நிரல் ஒரு கோரிக்கையை அனுப்புகிறது. வழங்கி அதைப் பதிந்துவிடுகிறது. ஆனால் விடை வரும் வழியில் இணைப்பு அறுந்துவிடுகிறது. விடை வராததால் நிரல் மீண்டும் அனுப்ப, ஒரே கொள்முதல் ஆணை இருமுறை பதியப்படுகிறது. எச்.டி.டி.பி. நெறிமுறையில் புதிய பதிவை உருவாக்கப் பயன்படும் போஸ்ட் முறை, திரும்பச் செய்தால் விளைவு மாறாது என்னும் உறுதியைத் தருவதில்லை. எனவே ஒவ்வொரு செயலுக்கும் தனித்துவமான குறியொன்றைச் சேர்த்து அனுப்பி, மீண்டும் அனுப்புமுன் அக்குறியுள்ள பதிவு ஏற்கனவே உள்ளதா என்று வினவ வேண்டும்.

நடைமுறையில் பின்வரும் ஒழுங்கு பாதுகாப்பானது:

1. நிரலை முதலில் மாதிரித் தரவு கொண்ட சோதனைச் சூழலில் ஓட்டுதல்.
2. உண்மைத் திட்டத்தில், எழுதாமல், எழுத இருப்பதைப் பட்டியலாக மட்டும் காட்டும் முறையில் ஓட்டுதல்.
3. பதிவுகளை வரைவு நிலையிலேயே உருவாக்குதல்.
4. வரைவை ஒப்புதலுக்கு உயர்த்தும் செயலைப் பொறுப்பான ஒருவரிடம் விடுதல்.
5. நிரல் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் நேரத்துடன் தனிப் பதிவேட்டில் குறித்தல்.

பயன்களும் வரம்புகளும்

விடை வராமல் நாள் கடந்த தகவல் கோரிக்கைகளைக் காலைதோறும் பட்டியலிடுதல், துணை ஒப்பந்தகாரர்களின் காப்பீட்டுச் சான்று காலாவதியாகும் முன் நினைவூட்டுதல், கணக்கியல் மென்பொருளுடன் தொகைகளை ஒப்புநோக்குதல், பல திட்டங்களின் செலவை ஒரே விரிதாளில் காட்டுதல் ஆகியவை தன்னியக்கத்துக்கு நன்கு பொருந்தும் பணிகள். ஒரே எண்ணை இரண்டு மூன்று இடங்களில் கையால் தட்டச்சு செய்வதால் ஏற்படும் தவறுகள் இவற்றால் குறைகின்றன.

எனினும், மென்பொருளில் பதியப்படாததை எந்த வினவலாலும் பெற முடியாது. தளத்தில் வாய்மொழியாகச் சொல்லப்பட்டு, ஆணையாக எழுதப்படாத கூடுதல் வேலை நிரலின் கணக்கில் வராது. நாட்குறிப்பில் ஆட்களின் எண்ணிக்கை தவறாகப் பதியப்பட்டிருந்தால் அறிக்கையும் அத்தவற்றையே காட்டும். மாற்று ஆணையின் நிலையை ஒப்புதல் பெற்றது என மாற்ற நிரலால் இயலும். ஒப்பந்தம் கேட்கும் மூவரின் உடன்பாட்டை அதனால் உருவாக்க இயலாது.

இவற்றையும் பார்க்க

- கட்டுமானப் பொறியியல்
- திட்ட மேலாண்மை
- முக்கியப் பாதை முறை
- செயலி நிரலாக்க இடைமுகம்
- தரவுத்தளம்