இருளிலும் நிற்காத கடிகாரம்

நுழையும்முன்

சுரங்கத்தின் ஆழத்தில் விடியலும் இல்லை, அந்தியும் இல்லை. ஆயினும் அங்கு உழைப்போரின் உடல், பசிக்கும் நேரத்தையும் உறங்கும் நேரத்தையும் மறப்பதில்லை. அஃது எவ்வாறு? விடையைக் காண அறிவியலாருக்குத் துணைநின்ற ஒரு சிற்றுயிரைப் பற்றி இப்பாடத்தில் அறிவோம்.

மாதிரி உயிரி

கனிந்த வாழைப்பழத்தைத் திறந்து வைத்தால், சின்னஞ்சிறு ஈக்கள் அதனைச் சுற்றிப் பறக்கும். ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நீளமுடைய இவையே பழ ஈக்கள். இவற்றின் அறிவியல் பெயர் டிரோசோபிலா மெலனோகாஸ்டர்.

ஓர் உயிரினத்தை ஆராய்ந்து, பிற உயிரினங்களுக்கும் பொருந்தும் உண்மைகளைக் கண்டறிய இயலுமாயின், அதனை மாதிரி உயிரி என்பர். பழ ஈ அதற்கு மிகவும் ஏற்றது. 25 பாகை செல்சியஸ் வெப்பநிலையில், முட்டை ஏறத்தாழ 10 நாள்களில் முழு ஈயாகிவிடும். சிறு குப்பியிலேயே நூற்றுக்கணக்கான ஈக்களை வளர்க்கலாம். இவற்றுக்கு நான்கு இணைக் குரோமோசோம்களே உள்ளன. மனித நோய்களோடு தொடர்புடைய மரபணுக்களில் ஏறத்தாழ முக்கால் பங்கிற்கு ஒத்தவை பழ ஈயிடமும் உண்டு.

உடலுக்குள் ஒரு கடிகாரம்

பழ ஈக்கள் பெரும்பாலும் விடியலை ஒட்டியே கூட்டிலிருந்து வெளிவரும். முழு இருளில் வைத்தாலும், ஏறத்தாழ 24 மணி நேரத்திற்கு ஒருமுறை கூட்டங்கூட்டமாக வெளிவருகின்றன. கதிரவனைக் காணாமலே அவை காலத்தை அறிகின்றன. எனவே, கடிகாரம் உடலுக்குள்ளேயே உள்ளது என்பது தெளிவு.

1971ஆம் ஆண்டு அமெரிக்காவில் ரொனால்டு கொனோப்கா, சீமோர் பென்சர் ஆகிய இருவரும் வியப்பூட்டும் மூவகை ஈக்களைக் கண்டறிந்தனர். ஒரு வகைக்கு ஒரு 'நாள்' என்பது 19 மணி நேரம்; மற்றொரு வகைக்கு 28 மணி நேரம்; மூன்றாம் வகைக்கு நேர ஒழுங்கே இல்லை. மூன்றிற்கும் காரணம் ஒரே மரபணுவில் ஏற்பட்ட மாற்றம். அம்மரபணுவுக்குப் 'பீரியட்' என்று பெயரிட்டனர். அஃது உருவாக்கும் புரதம், இரவில் செல்லுக்குள் பெருகிப் பகலில் சிதைகிறது. இவ்வியக்கத்தை விளக்கிய ஜெப்ரி ஹால், மைக்கேல் ரோஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017இல் நோபல் பரிசு கிடைத்தது.

600 தலைமுறைகள்

நம் அண்டை நகரான பெங்களூருவிலும் அரியதோர் ஆய்வு நடைபெற்றது. அங்குள்ள ஜவாஹர்லால் நேரு உயர்நிலை அறிவியல் ஆய்வு மையத்தைச் சேர்ந்த வாசு ஷீபா, விஜய்குமார் சர்மா, எம். கே. சந்திரசேகரன், அமிதாப் ஜோஷி ஆகியோர் 1999இல் அதன் முடிவை வெளியிட்டனர். இவர்களுள் சந்திரசேகரன், முன்னர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் உயிர்க்கடிகார ஆய்வை வளர்த்தவர்.

அவர்கள் ஆராய்ந்த ஈக்கள், 600 தலைமுறைகளுக்கும் மேலாக அணையாத ஒளியில் வாழ்ந்தவை. மனிதக் கணக்கில், ஒரு தலைமுறைக்கு 25 ஆண்டுகள் எனக் கொண்டால், இது 15,000 ஆண்டுகளாகும். அத்தனை தலைமுறைகள் இரவையே அறியாதிருந்தும், அவ்வீக்களின் கடிகாரம் அழியவில்லை. இருளில் வைத்தபோது அவை ஒழுங்கு தவறாமல் வெளிவந்தன.

நமக்கு உணர்த்துவது

மனித உடலிலும் பீரியட் மரபணுவை ஒத்த மரபணுக்கள் உள்ளன. 2001இல் மூடப்படும்வரை, கோலார் தங்கவயலில் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் வரை இறங்கி நம் முன்னோர் உழைத்தனர். அந்த இருளிலும் அவர்களுக்குள் கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது. இரவு முறைப்பணி முடித்து வந்தவருக்குப் பகலில் ஆழ்ந்த உறக்கம் வாராமைக்கு அதுவே காரணம். இன்று விடியுமுன் மாரிக்குப்பத்தில் தொடர்வண்டி ஏறிப் பெங்களூருவுக்குப் பணிக்குச் செல்வோரும் அதே கடிகாரத்தோடு போராடுகின்றனர். ஆகவே, அவர்கள் பகலில் கண்ணயர்ந்தால் அதனைச் சோம்பல் என்று எண்ணாதீர்கள். அவர்தம் உறக்கத்தைக் கலைக்காமல் இருப்பது, நாம் அவர்களுக்குச் செய்யும் நன்றியாகும்.

சொல்லும் பொருளும்

அந்தி – மாலைப்பொழுது
முறைப்பணி – நேரம் மாற்றிச் செய்யும் வேலை
கண்ணயர்தல் – உறங்குதல்

பயிற்சி

1. பழ ஈ மாதிரி உயிரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதற்கு இரண்டு காரணங்கள் எழுதுக.
2. பெங்களூரு ஆய்வின் முடிவை உம் சொந்த நடையில் எழுதுக.
3. இரவுப்பணி செய்த பெரியவர் ஒருவரிடம் அவர்தம் உறக்கத்தைப் பற்றிக் கேட்டு, ஐந்து தொடர்களில் எழுதுக.