"ஏன் அப்பா?" என்று குழந்தை கேட்டால்...

"அப்பா! வண்டியை இழுத்தால் பந்து பின்னால் ஓடுகிறதே, ஏன்?"

அமெரிக்காவில், நியூயார்க் நகரத்துச் சிறுவன் ஒருவன் இப்படிக் கேட்டான். அவனுடைய விளையாட்டு வண்டியில் ஒரு பந்து இருந்தது.

தந்தை மெல்வில், சீருடை விற்பனைத் தொழிலில் இருந்தவர். விஞ்ஞானி அல்ல. ஆனாலும் மகனை அவர் விரட்டவில்லை. நிற்கும் பொருள் நிற்கவே பார்க்கும் என்றார். "ஏன் அப்படி?" என்பது யாருக்கும் தெரியாது என்றும் ஒப்புக்கொண்டார். பக்கவாட்டில் நின்று பார்க்கச் சொன்னார்.

பையன் ஓடிப்போய்ப் பார்த்தான். என்ன ஆச்சரியம்! பந்து பின்னால் ஓடவில்லை. தரையை வைத்துப் பார்த்தால், அது சிறிது முன்னால்தான் நகர்ந்தது. வண்டிதான் அதைவிட வேகமாக முன்னே போயிற்று.

அந்தப் பையன்தான் ரிச்சர்ட் பெயின்மேன். 1965-ல் பவுதிகத்துக்கான நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர்.

பெற்றோர் செய்யவேண்டியது

குழந்தை கேள்வி கேட்டால் அதட்டாதீர்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால், "எனக்கும் தெரியவில்லை, வா, பார்க்கலாம்" என்று சொல்லுங்கள். அதில் வெட்கம் இல்லை. தப்பான பதில் சொல்லிச் சமாளிப்பதுதான் தவறு.

பள்ளிக்கூடம் போகாத தாயும் இதைச் செய்யலாம். சூடான தோசைக்கல்லில் தண்ணீர்த் துளி துள்ளி ஓடுவதைத் தள்ளி நின்று பார்க்கச் சொல்லலாம். கவனித்துப் பார்க்கப் பழகிய குழந்தைக்குப் படிப்பு பாரமாக இராது.