துப்பாக்கிக்கு ஒரு பள்ளிக்கூடம்!

அமெரிக்காவில் கடைக்குக் காய்கறி வாங்க வருகிறவர் இடுப்பிலும் துப்பாக்கி இருக்கலாம். அது சட்டைக்குள் மறைந்திருக்கும். பக்கத்தில் நிற்கிறவருக்குத் தெரியாது. பல மாநிலங்களில் அது குற்றமும் அல்ல. ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமை, 1791-ம் ஆண்டிலேயே அந்த நாட்டு அரசியல் சட்டத்தில் சேர்ந்துவிட்டது.

துப்பாக்கியைப் பணம் கொடுத்து வாங்கிவிடலாம். ஆபத்து இல்லாமல் கையாளுவதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கென்றே அங்கே வகுப்புகள் நடக்கின்றன. டெக்சாஸ் மாநிலத்தில் எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம்.

கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்ல லைசென்ஸ் கொடுக்கும் சட்டம் டெக்சாசில் 1995-ல் வந்தது. வகுப்பு 4 மணி நேரத்துக்குக் குறையாது. 6 மணி நேரத்துக்கு மேல் போகாது. சுடும் பரீட்சை தனி. கணவனும் மனைவியும் சேர்ந்து வருவது உண்டு. வாழ்நாளில் துப்பாக்கியைத் தொட்டே பார்க்காதவர்களும் வருகிறார்கள்.

காலித் துப்பாக்கியா?

வாத்தியார் சொல்லும் முதல் விதி இது: எந்தத் துப்பாக்கியையும் தோட்டா நிரம்பிய துப்பாக்கியாகவே நினைக்க வேண்டும். "இது காலி" என்று யார் சொன்னாலும் நம்பக்கூடாது. சொன்னவர் கூடப்பிறந்த அண்ணனாக இருந்தாலும் சரி, தானே திறந்து பார்க்க வேண்டும்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றும். இருக்கிறது.

இன்று விற்கும் கைத்துப்பாக்கிகள் பலவற்றில், தோட்டாக்களை ஒரு சிறு கூட்டில் அடுக்கி, பிடிக்குள் செருகுகிறார்கள். அந்தக் கூட்டுக்கு "மேகசின்" என்று பெயர். மேகசினை உருவிவிட்டால் துப்பாக்கி காலி என்று தெரியாதவர் நினைக்கிறார். ஆனால், குழலின் அடியில் ஏற்கெனவே ஏறிவிட்ட தோட்டா ஒன்று அங்கேயே இருக்கும்! மேகசின் வெளியே வந்தாலும் அது வராது. விசையை இழுத்தால், பல துப்பாக்கிகளில் அது வெடித்துவிடும்.

ஆகவே, முதலில் மேகசினை உருவ வேண்டும். பிறகு மேல்பகுதியைப் பின்னால் இழுத்து, உள்ளே இருக்கும் தோட்டாவை வெளியே தள்ள வேண்டும். திறந்தபடியே வைத்துக் கண்ணால் பார்க்க வேண்டும். விரலாலும் தடவிப் பார்க்க வேண்டும். வரிசை மாறினால் மோசம். மேல்பகுதியை முதலில் இழுத்தால் ஒரு தோட்டா கீழே விழும். மேகசினில் இருந்து அடுத்த தோட்டா உள்ளே ஏறிக்கொள்ளும். விழுந்த தோட்டாவைப் பார்த்தவர், வேலை முடிந்தது என்று நினைப்பார். பிறகு மேகசினை உருவினாலும் பயன் இல்லை. "சுத்தம் செய்யும்போது வெடித்துவிட்டது" என்று சொல்லும் விபத்துகளில் பல இப்படி நடப்பவைதான்.

மற்ற விதிகள் மூன்று. சுட விரும்பாத எதன் பக்கமும் குழலைத் திருப்பக்கூடாது. குறி பார்த்து முடியும்வரை விரல் விசையில் இருக்கக்கூடாது. குறி எது, அதற்குப் பின்னால் இருப்பது எது என்று தெரியாமல் சுடக்கூடாது. இந்த விதிகளை இப்படிச் சுருக்கிப் பரப்பியவர் ஜெப் கூப்பர். அவர் அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையில் அதிகாரியாக இருந்தவர். 1976-ல் அரிசோனா மாநிலத்தில் துப்பாக்கிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார்.

50 தோட்டா பரீட்சை

சுடும் இடத்தில் காதுக்கு மூடியும் கண்ணுக்குக் கண்ணாடியும் கட்டாயம். வெடிச் சத்தம் காதைக் கெடுத்துவிடும். வெளியே தெறிக்கும் பித்தளைக் கூடு சூடாக இருக்கும். அது சட்டைக் கழுத்துக்குள் விழுந்தால், சுடுகிறவர் துள்ளுவார்; துப்பாக்கி எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது! அதனால் கழுத்தை மூடிய சட்டை போட்டு வரச் சொல்கிறார்கள். கையில் ஈயத்தூள் ஒட்டும். கை கழுவாமல் எதையும் சாப்பிடக்கூடாது.

பரீட்சையில் 50 முறை சுட வேண்டும். 3 கெஜ தூரத்தில் 20. 7 கெஜத்தில் 20. 15 கெஜத்தில் 10. மொத்தம் 250 மார்க்கு. 175 வாங்கினால் பாஸ். இது ஒன்றும் கஷ்டமான பரீட்சை அல்ல. 3 கெஜம் என்பது ஓர் அறையின் நீளம்கூட இல்லை.

புதியவர்களின் எதிரி பயம். வெடிக்கப் போகிறதே என்று கை தானாகக் குழலைக் கீழே அழுத்தும். குண்டு தாழப் போகும். "என் கை ஆடவில்லை" என்று சாதிப்பவர்களும் உண்டு. அவர்களுக்காக வாத்தியார் ஒரு தந்திரம் வைத்திருக்கிறார். மருந்து இல்லாத பொய்த் தோட்டா ஒன்றைத் தெரியாமல் கலந்துவிடுவார். அதன் முறை வரும்போது விசையை இழுத்தால் சத்தம் வராது. ஆனால் குழல் மட்டும் குபுக்கென்று தாழும்! எல்லோரும் பார்த்துவிடுவார்கள்.

வாய்ச் சண்டைக்குத் துப்பாக்கியா?

வகுப்பில் அதிக நேரம் சட்டத்துக்கே போகிறது. ஒருவன் திட்டினான் என்பதற்காக மட்டும் பலாத்காரத்தில் இறங்க டெக்சாஸ் சட்டம் இடம் கொடுக்கவில்லை. சண்டையைப் பேச்சால் தணிப்பது எப்படி என்பதும் பாடத்தில் கட்டாயம் உண்டு. பள்ளிக்கூடம், கோர்ட்டு, ஓட்டுச்சாவடி ஆகிய இடங்களுக்குத் துப்பாக்கியோடு போவதற்குத் தடை இருக்கிறது. வருமானத்தில் 51 சதவீதமோ அதற்கு மேலோ, அங்கேயே உட்கார்ந்து குடிக்க விற்கும் மதுவில் இருந்து வரும் கடையிலும் தடைதான். வாசலில் போர்டு தொங்கும். அதைப் பார்க்கவில்லை என்று சாக்குச் சொல்லி லாபம் இல்லை.

வீட்டில் பூட்டி வைப்பதும் ஒரு பாடம். 17 வயதுக்குக் குறைந்த பிள்ளை எடுக்கும்படி, தோட்டா போட்ட துப்பாக்கியைக் கவனக்குறைவாக விட்டு வைப்பது அங்கே குற்றம். அலமாரியின் மேல்தட்டில் ஒளித்து வைத்தால் போதும் என்று பெற்றோர் நினைக்கிறார்கள். தீபாவளிப் பட்சணத்தை ஒளித்து வைத்த தாய்மார்களுக்கு அந்த ஒளிவிடத்தின் லட்சணம் தெரியும். இரும்புப் பெட்டியும் பூட்டும்தான் வழி.

பெட்டி பிள்ளைகளுக்காக மட்டும் அல்ல. 2021-ல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். திருடனுக்காக வாங்கிய துப்பாக்கி, வீட்டில் மனம் உடைந்து இருப்பவரின் கையில் சிக்கிவிடுகிறது. இதற்கு வகுப்பில் இன்னும் அதிக நேரம் ஒதுக்கினால் தகும்.

ஒரு வேடிக்கை. 2021 செப்டம்பர் 1 முதல், டெக்சாசில் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம் என்று சட்டம் மாறிவிட்டது. வகுப்புக்குப் போகவேண்டிய கட்டாயம் போய்விட்டது. யாருக்குப் பாடம் அதிகம் தேவையோ, அவர் வராமலே இருந்துவிடலாம். நியூயார்க்கில் நேர்மாறு. அந்த மாநிலத்தின் பழைய கெடுபிடிச் சட்டத்தை 2022-ல் சுப்ரீம் கோர்ட்டு தள்ளுபடி செய்தது. உடனே அங்கே 16 மணி நேர வகுப்பும் 2 மணி நேரச் சுடும் பயிற்சியும் கட்டாயம் என்று புதுச் சட்டம் போட்டார்கள்.

டெக்சாசில் கட்டாயம் இல்லாவிட்டாலும், லைசென்ஸ் வாங்குகிறவர்கள் இன்னும் வாங்கத்தான் செய்கிறார்கள். வேறு மாநிலங்கள் பலவற்றில் அது செல்லும். பாஸ் செய்தவர் சர்ட்டிபிகேட்டை வாங்கிக்கொண்டு, கைரேகை பதித்து, மனுப் போட வேண்டும். மனு சரியாக இருந்தால், 60 நாட்களுக்குள் மாநில அதிகாரிகள் லைசென்ஸ் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் காரணம் சொல்ல வேண்டும்.